பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையைக் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகள் அறிவியல் பிரிவுக்குப் போக மறுக்கிறார்கள், உழைக்கச் சோம்பல்படுகிறார்கள், அதனால்தான் சுலபமான பாடமாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் சோம்பல்தான் காரணம் என்று முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் பல வருடமாக இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் டியூஷன் எடுக்கிறேன். 15 வயதில் படிவம் 3 முடிந்து படிவம் 4க்குப் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன பேச்சு நடக்கிறது என்பது எப்படியும் என் காதுக்கு வந்துவிடும், பாதிப் பெற்றோர் என்னிடமே வந்து கேட்பார்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். கணிதத்தில் என்ன கிடைத்தது, அறிவியலில் என்ன கிடைத்தது, இந்தத் தொகுப்பை எடுத்தால் பிற்பாடு மருத்துவம் போகலாமா, பெரியம்மா மகன் என்ன எடுத்தான், அவனுக்கு இப்போது சம்பளம் எவ்வளவு. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், குறை சொல்லவில்லை. பிள்ளை எப்படிப்பட்டவள், ஒரு விஷயத்தை எப்படி யோசித்துப் பிடிக்கிறாள், யாரும் சொல்லாமலே எதில் மூழ்கிப்போகிறாள் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை. வந்தாலும் "வாய் நீளம், லாயருக்குப் படிக்கட்டும்", "அமைதியான பிள்ளை, அக்கவுண்ட்ஸ் ஒத்துவரும்", "ஓர் இடத்தில் உட்கார மாட்டான், வெக்கேஷனலில் போடு" என்ற அளவில் நின்றுவிடுகிறது. சத்தமாகப் பேசுகிற பிள்ளைக்கு வாதத்தை அடுக்கத் தெரியும் என்று எந்த உறுதியும் இல்லை. வழக்கறிஞர் வேலையில் பெரும்பகுதி உட்கார்ந்து ஆவணம் படிப்பதும் எழுதுவதும்தான் என்று அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என்னிடம் படித்த இரண்டு பேரைப் பற்றி அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஒரு பெண் பிள்ளை. சூத்திரத்தைப் பலகையில் எழுதினால் மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு கணக்குக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் அது எங்கிருந்து வந்தது, ஏன் அப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், விடை தெரியாமல் அடுத்த வரிக்கு வரமாட்டாள். அதனால் சோதனையில் அவளுக்கு நேரம் போதாது, மதிப்பெண் சுமார்தான். மெதுவான பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கிவிட்டாள், கணக்கெல்லாம் வேண்டாம், சுலபமாக ஏதாவது எடு என்று வீட்டிலும் சொன்னார்கள். இன்னொருவன் கடந்த வருடத் தேர்வுத்தாள்களைப் போட்டுப் போட்டுப் பழகி படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம் தேர்வில் கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்தவன். ஆனால் கணக்கு முடிந்ததும் நோட்டை மூடிவிடுவான், அதற்கு மேல் அந்தக் கணக்கைப் பற்றி அவன் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அவனுக்குக் கேள்வி வருவதெல்லாம் மனிதர்களைப் பற்றித்தான். இன்றைக்கு யார் வகுப்புக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எனக்கே அவன்தான் சொல்வான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டால் அவன் வயதுக்கு மூத்தவர்கள்கூட அவனிடம்தான் வந்து யோசனை கேட்பார்கள்.

மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் பொறியியலுக்கு ஏற்றவன் அவன், கணக்கை விட வேண்டியவள் அவள். நடந்தது வேறு. அவள் பிடிவாதமாக நின்று, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம் படித்து, பிறகு புள்ளியியலில் பட்டம் வாங்கினாள். அவன் பொறியியலில் சேர்ந்து, தேறிக்கொண்டும் இருந்து, ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று விட்டுவிட்டு யு.எஸ்.எம் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கப் போனான். "சமூகப் பணிக்கு எதற்கு டீச்சர் படிப்பு, கோயிலில் செய்தால் போதாதா" என்று அவன் அப்பா என் வீட்டுக்கே வந்து கண்கலங்கிவிட்டார். இன்று அவன் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணி அதிகாரி. சிகிச்சைக்குப் பணம் இல்லாதவர்கள், வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் இல்லாத வயதானவர்கள், இவர்களுக்கு வழி தேடித்தருவது அவன் வேலை. அந்தப் பையன் சோம்பேறியா? அவனை மூன்று நான்கு வருடம் தப்பான இடத்தில் உட்கார வைத்திருந்தால் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பான், அவ்வளவுதான்.

இது என் அனுபவத்தில் மட்டும் தெரிந்த விஷயமும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பில்லிங்டன், பேரன்-கோஹன், வீல்ரைட் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. இயற்பியல் போன்ற அறிவியல் துறைகளில் படிப்பவர்களும் மொழி, வரலாறு போன்ற மானுடத் துறைகளில் படிப்பவர்களுமாக 415 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு விஷயம் எந்த விதிப்படி இயங்குகிறது என்று அலசிப் பார்க்கும் நாட்டம் எவ்வளவு, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று உணர்ந்து அதற்கேற்ப நடக்கும் நாட்டம் எவ்வளவு என்று அளந்தார்கள். யார் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதை ஆணா பெண்ணா என்பதைவிட இந்த யோசிக்கும் பாணி நன்றாகக் காட்டியது.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்" என்று இன்றைக்கும் பினாங்கில் சொல்கிறார்கள். 1970களில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து சிப்பும் சர்க்யூட்டும் பூட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள்தான். அவர்கள் வயிற்றில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் இயந்திரம் உனக்கு வராது என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொரு பெரிய தொகுப்பாய்வு 2016இல் வந்தது, டென்மார்க்கைச் சேர்ந்த அன்னா வேடெல் செய்தது, மொத்தம் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். உளவியலில் ஐந்து பெரிய குணக்கூறுகள் என்று சொல்வார்கள்: புதியதைத் தேடும் மனம், பொறுப்பும் ஒழுங்கும், பிறரோடு கலகலப்பாகப் பழகுவது, விட்டுக்கொடுத்துப் போகும் இணக்கம், சட்டென்று கலங்கும் தன்மை. கலை, மானுடத் துறைகள், உளவியல் படிப்பவர்களிடம் புதியதைத் தேடும் மனம் சராசரியாக அதிகம் இருந்தது, சட்டம், வணிகம், பொருளியல் படிப்பவர்களிடம் இணக்கம் சராசரியாகக் குறைவாக இருந்தது. படிப்பே ஆளை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. சேர்ந்த தொடக்கத்திலேயே அளந்து பார்த்த ஆய்வுகளிலும் இப்படிப்பட்ட வேறுபாடுகள் தெரிந்திருக்கின்றன, அதனால் பிள்ளைகள் தங்கள் குணத்துக்கு ஏற்ற பக்கம் தாங்களாகவே சாய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

ஆனால் சராசரி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், கணக்கு டீச்சராகக் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு துறை மாணவர்களின் சராசரி வேறாக இருந்தாலும் உள்ளே ஏராளமான பேர் ஒரே அளவில்தான் இருப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ள நல்ல வழக்கறிஞர் இருப்பார், கவிதை எழுதும் பொறியாளர் இருப்பார். இப்படிப்பட்ட குணமுள்ள பிள்ளை இந்தப் பக்கம் போக வாய்ப்பு அதிகம் என்றுதான் ஆய்வு சொல்ல முடியும், உங்கள் மகள் எங்கே போகவேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

சரி, சோம்பல் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் பொரோபட் 2009இல் 70,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார். அந்த ஐந்து கூறுகளில் படிப்பில் வரும் மதிப்பெண்ணோடு அழுத்தமாகச் சேர்ந்து வந்தது பொறுப்பும் ஒழுங்கும்தான், அதுவும் அறிவுத்திறனோடு அவ்வளவாகச் சம்பந்தமில்லாமல் தனியாக. அதாவது எதை எடுப்பது என்பதில் நாட்டமும் யோசிக்கும் பாணியும் பெரிய பங்கு வகிக்கின்றன, எடுத்ததை எவ்வளவு நன்றாக முடிப்பது என்பதில் ஒழுங்கு பெரிய பங்கு வகிக்கிறது. வாசகர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார் என்பதுதான் என் வருத்தம். வரலாறு எடுப்பவனுக்கும் ஒழுங்கு வேண்டும், வேதியியல் எடுப்பவனுக்கும் வேண்டும். சுலபமான பாடம் என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. மனிதர்களையும் மொழியையும் வைத்து யோசிக்கும் பிள்ளைக்கு ஐந்து பக்கக் கட்டுரை ஒரு மாலை வேலை, விதிகளை வைத்து யோசிக்கும் பிள்ளைக்கு அதே கட்டுரை ஒரு வாரத் தண்டனை. சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு எஸ்.பி.எம் தமிழ் இலக்கிய வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மாணவர்களில் அறிவியல் 60 விழுக்காடு, கலை 40 விழுக்காடு என்ற இலக்கு 1960களின் கடைசியிலிருந்து இந்த நாட்டில் பேசப்படுகிறது, இன்னும் எட்டியபாடில்லை. நம் இனத்துப் பிள்ளைகள் மட்டும் பின்வாங்குவதாகப் பேசுவது அதனாலேயே சரியில்லை. சில பள்ளிகளில் ஆள் குறைவு என்று இயற்பியல் வகுப்பே திறப்பதில்லை, சில வீடுகளில் டியூஷனுக்குக் காசில்லை, இதெல்லாம் தனிக் கடிதமாக எழுத வேண்டியவை. 2020 முதல் படிவம் 4இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினையே அதிகாரபூர்வமாக இல்லை, பாடத் தொகுப்புகள்தான். கணினி அறிவியலும் பொருளியலும் சேர்ந்து படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, பள்ளி அந்தத் தொகுப்பை வைத்திருந்தால், வழி இருக்கிறது. நம் வீடுகளில்தான் இன்னும் "சயன்ஸ் கிடைத்ததா, ஆர்ட்ஸ்தானா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், அந்த "தானா"வில் ஒரு பிள்ளையின் முகம் எப்படிச் சுருங்கிப்போகிறது என்று பல தடவை பார்த்துவிட்டேன்.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும், அந்தப் பாசத்துக்கு முன்னால் நான் யார் பேச. ஆனால் 2016 டிசம்பரிலிருந்து புதிதாகச் சேரும் மருத்துவர்களை அரசு ஒப்பந்த முறையில்தான் எடுக்க ஆரம்பித்தது, நிரந்தர வேலை எல்லாருக்கும் இல்லை என்று ஆனது, 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனையைவிட்டு வெளியே வந்து நின்று நியாயம் கேட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். அவ்வளவு நெருக்கடியிலும் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அதை உள்ளூர விரும்புகிறவர்கள். தூக்கமில்லாத இரவு, உறுதியாகத் தெரியாத நிலையிலும் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம், அழுகிற உறவினர்களிடம் நின்று பேசுவது, இதெல்லாம்தான் அந்த வேலை. உயிரியலில் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று ஏ பிளஸ் சொல்லாது. உனக்கு டாக்டர் என்ற பெயர் வேண்டுமா, டாக்டர் செய்கிற வேலை வேண்டுமா என்று பிள்ளையிடம் ஒரு தடவையாவது கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு முடிக்கும்வரை நடுவில் பேசாமல் இருங்கள்.

இப்போது இந்தக் கவலையை வைத்தே ஒரு வியாபாரமும் நடக்கிறது. பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் எடுத்து, மூளை எப்படி வேலை செய்கிறது, எந்தப் படிப்பு பொருந்தும் என்று வண்ண வண்ணமாக அறிக்கை கொடுக்கிறார்கள், பணமும் கொஞ்சநஞ்சமில்லை. விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுவது, அதற்கும் பிள்ளை கணக்கியல் படிப்பதா கட்டடக்கலை படிப்பதா என்பதற்கும் எந்த அறிவியல் தொடர்பும் இல்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அடுத்தது பிள்ளைகளே இணையத்தில் எழுதிப் பார்த்து "நான் ஐ.என்.எஃப்.ஜே டீச்சர்" என்று சொல்லிக்கொள்ளும், ஆட்களை 16 குண வகையாகப் பிரிக்கும் அந்தச் சோதனை. கார்ல் யுங் 1921இல் எழுதிய கருத்துகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது, இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு வேறு வகை வருகிறது. நண்பர்களோடு பேசிச் சிரிக்க அது பரவாயில்லை, அதை வைத்து இயற்பியலை விடாதீர்கள். "என் மகன் கண்ணால் பார்த்துப் படிக்கிற வகை, அதனால் படிப்பு அதிகம் உள்ள பாடம் வேண்டாம்" என்று சொல்லும் அம்மாக்களும் உண்டு. அப்படி வகை பிரித்து அந்த வகைக்கேற்ப சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008லேயே பாஷ்லர் என்பவரும் மூன்று உளவியல் அறிஞர்களும் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பள்ளியிலேயே இலவசமாக ஒன்று இருக்கிறது. பள்ளி அடிப்படையிலான மதிப்பீட்டில் பெந்தாக்சிரான் சிக்கோமெத்ரிக் என்று ஒரு பகுதி உண்டு, குணக்கூறுகளையும் தொழில் நாட்டத்தையும் கேள்வித்தாள் மூலம் பார்ப்பது. தொழில் நாட்டம் பார்க்கும் இப்படிப்பட்ட பல கேள்வித்தாள்களுக்கு அடிப்படை ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்கரின் கோட்பாடு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்து வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர் அவர், மனிதர்களின் வேலை நாட்டம் சில வகைகளில் அடங்குகிறது என்று அங்கே கவனித்ததை 1959இல் கோட்பாடாக எழுதினார். கையால் செய்வது, ஆராய்வது, படைப்பது, பிறருக்கு உதவுவது, முன்நின்று நடத்துவது, ஒழுங்குபடுத்திக் கணக்கு வைப்பது என்று ஆறு. யாரும் ஒன்றில் மட்டும் இருப்பதில்லை, இரண்டு மூன்று சேர்ந்துதான் வரும். இதுவும் ஜாதகம் போல அப்படியே நம்ப வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நல்ல ஆரம்பம். எத்தனை பெற்றோர் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள்? நான் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இடைநிலைப்பள்ளியில் ஓர் ஆலோசனை ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, அவராகவே உங்களைத் தேடி வருவார் என்று காத்திருக்கக் கூடாது, நாம்தான் நேரம் கேட்டுப் போகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 15 வயதில் தெரிகிற குணம் அப்படியே கடைசிவரை நிற்காது. பொறுப்பு, நிதானம் போன்றவை இருபது வயதுக்கு மேல்தான் நன்றாகக் கூடிவருகின்றன என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன, தொழில் நாட்டமும் 18 வயதுக்கு அப்புறம்தான் நிலைப்பட ஆரம்பிக்கிறது. அதனால் படிவம் 4இல் எடுத்த முடிவு பிழையாகத் தெரிந்தால் பிள்ளை மாறட்டும், மாறுவது தோல்வி என்று பேசாதீர்கள். எஸ்.டி.பி.எம், போலிடெக்னிக், டிப்ளோமா என்று நம் நாட்டில் திரும்பிச் சேர்ந்துகொள்ளும் வழிகள் இருக்கின்றன. 2024இல் எஸ்.பி.எம்மில் 10ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடு பார்க்காமல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசு மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் என்று அரசு அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதற்கு அப்புறம் சில வீடுகளில், எந்தப் பாடத்தில் ஏ சுலபமாக வரும், எது வராது என்ற கணக்கு மட்டுமே மிச்சமாகி, பிள்ளைக்குப் பிடித்த பாடத்தைக்கூட ஏ வராது என்று விடச் சொல்கிறார்கள். அது வேண்டாம்.

வாசகருக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் மிச்சம். எஸ்.பி.எம் முடிவு வந்ததும் அதிக ஏ எடுத்தவர்களின் படங்களை உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், போடுங்கள், பெருமைதான். அதோடு ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் ஒதுக்கி, நம்மவர்களில் மின்னியல் தொழில்நுட்பர், நில அளவையாளர், பேச்சுப் பயிற்சியாளர், புள்ளியியலாளர், சமூகப் பணியாளர், மொழிபெயர்ப்பாளர் என்று வாரம் ஒருவரை அழைத்து, காலையில் போனதிலிருந்து மாலைவரை உண்மையில் என்ன செய்கிறார், அதில் எது அவருக்குப் பிடிக்கிறது, எது சலிப்பு, இந்த வேலைக்கு எப்படிப்பட்ட பிள்ளை பொருந்தும் என்று சொல்லச் சொல்லுங்கள். படிவம் 3 பிள்ளைகள் முடிவெடுக்கும் முன் வெளிவரும்படி சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது. பேச ஆட்கள் வேண்டுமென்றால் என் பழைய மாணவர்கள் சிலரைக் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு